கூத்துக்கு முன்னால் ஆறு மாதம்

 பதிவு நீளம். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக நடக்கிற பேச்சைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வருடம் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கூத்து வேண்டாம், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டுச் சென்னையிலிருந்து ஒரு நல்ல இன்னிசைக் குழுவை வரவழைக்கலாம் என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். "விடிய விடிய யாரு டீச்சர் உக்காந்து பாக்கறாங்க? மைக்செட்டுக்காரரும் நாலு நாயுந்தான்" என்று ஒருவன் எழுதியிருந்தான். ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கே மூன்று வருடம் எடுத்துக்கொண்ட பிள்ளை. இப்போது ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் சொன்னதில் பொய் அதிகமில்லை. போன வருடம் ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு நான் எண்ணிப் பார்த்தேன். குழந்தைகளைச் சேர்த்து 41 பேர். அதில் பாதிப் பேர் தூக்கம்.

நான் பேச வந்தது அந்த ஒரு ராத்திரியைப் பற்றி இல்லை. அதற்கு முன்னால் ஒரு காலத்தில் ஆறு மாதம் இருந்தது. உங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

1968, 69 வாக்கில் எனக்கு ஒன்பது, பத்து வயது. அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போலவே எங்கள் தெருவும் நெசவுத் தெரு. வீட்டுக்கு வீடு குழித்தறி, விடிந்ததிலிருந்து நாடாச் சத்தம். எப்போதும் திருவிழாவுக்கு வெளியூர் ஜமாவைத்தான் அழைப்பார்கள். அந்த வருடம் தெருப் பையன்கள், நாமே ஒரு கூத்தைப் படித்து ஆடுவது என்று முடிவு செய்தார்கள். அப்போது இந்தப் பக்கத்து ஊர்களில் அது சகஜம். கூத்து தெரிந்த ஒரு வாத்தியாரைத் தாம்பூலம் வைத்து அழைப்பார்கள். அவர் மாதக்கணக்கில் ஊரில் தங்கி, ஒரே ஒரு கூத்தை முழுசாகச் சொல்லிக்கொடுத்து அரங்கேற்றம் செய்துவைப்பார். ஆமாம், அவருக்கும் வாத்தியார் என்றுதான் பெயர். பிற்பாடு நானும் அந்தப் பெயரை வாங்கினேன் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

எங்கள் தெருவுக்கு வந்தவர் பாலாற்றுக்கு அந்தக் கரையைச் சேர்ந்தவர். ஒல்லி, வெற்றிலை வாய். கோயில் மண்டபத்தில் படுக்கை. சாப்பாடு முறை வைத்து, நாளுக்கு ஒரு வீடு. எங்கள் வீட்டு முறை வரும் நாளில் ஆயா கருவாட்டுக் குழம்பு வைப்பாள், அதற்காகவே நாங்கள் அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்போம். வேஷம் கொடுக்கும் முன் பையன்களை ஆற்று மணலுக்குக் கூட்டிப்போனார். தான் தூரமாகப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து பாடச் சொல்வார். எவன் குரல் காற்றைத் தாண்டி அவர் காதுக்கு வந்ததோ அவனுக்குப் பெரிய வேஷம். மைக் இல்லாத காலத்துத் தேர்வு அது. முகம், நிறம், யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் மணலில் எடுபடவில்லை. தெருவில் பெரிய பாவு வியாபாரி மகனுக்குக் கட்டியக்காரன் பக்கத்தில் நிற்கிற வேஷம்கூடக் கிடைக்கவில்லை. திரைத்துணி பிடிக்கிற வேலைதான்.

எடுத்துக்கொண்ட கதை கர்ண மோட்சம். பதினேழாம் நாள் போருக்குப் போகும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று அவன் பிறப்பை நினைத்து அவள் அவனை ஒருநாளும் மதித்ததில்லை. அந்த வாக்குவாதந்தான் கூத்தின் உயிர். என் சித்தப்பாவுக்குப் பொன்னுருவி வேஷம். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்திருக்கும் மனிதர், சாயங்காலம் இடுப்பில் காலிக் குடத்தை வைத்துக்கொண்டு நடை பழகுவார். சித்தி கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பாள்.

அப்பாவுக்குக் குரல் இல்லை. ஆனால் கையெழுத்து அழகு. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். வாத்தியார் சொல்லச் சொல்ல, முழுக் கூத்தையும், விருத்தம், தரு, வசனம் என்று தலைப்புப் போட்டு, ஒரு காக்கி அட்டை நோட்டில் எழுதினார். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். மறுநாள் தார் சுற்றிக்கொண்டே சித்தப்பாவுக்கு அந்த நோட்டைப் பார்த்து அடி எடுத்துக் கொடுப்பேன். பாடப் புத்தகத்துக்கு வெளியே நான் படித்த முதல் தமிழ் அதுதான். நாலு மாதத்தில் எனக்குக் கர்ணன் பாட்டு, பொன்னுருவி பாட்டு, சல்லியன் பாட்டு எல்லாம் மனப்பாடம். மேடையில் ஏற முடியாது, பெண் பிள்ளை. அதை யாரும் தடுத்துச் சொல்லக்கூட இல்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாத விஷயமாக அது இருந்தது.

வேஷக் கட்டைகள் தெருவிலேயே செய்தார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில். அந்த மரம் கனமே இருக்காது, ராத்திரி முழுக்கத் தாங்கி ஆட வேண்டுமே. ஆசாரி செதுக்கிக் கொடுத்தார். மேலே கண்ணாடித் துண்டு, வண்ணக் காகிதம் ஒட்டுவது பிள்ளைகள் வேலை. ஜரிகை வீடு வீடாகச் சேர்த்தது. சேலை அறுத்தபிறகு தறியில் மிஞ்சும் துணுக்கு ஜரிகையைப் பெண்கள் ஒரு டப்பாவில் போட்டுவைத்துக் கொடுத்தார்கள். கர்ணன் கிரீடத்தில் எங்கள் தெருவின் அத்தனை தறியும் மின்னியது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

அரங்கேற்றம் நடந்த ராத்திரியைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கு, பெஞ்சில் ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும், திரைக்குப் பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம் மட்டும் வருவது. பார்த்தவர்களுக்குத் தெரியும். சித்தப்பா கட்டியிருந்தது சித்தியின் கல்யாணச் சேலை. விடியற்காலையில் கர்ணன் விழுந்தபோது பொன்னுருவி அழுத அழுகையில், ஆம்பிளை அழுகிறான் என்பது மறந்து என் ஆயா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். கச்சிதமான கூத்தா என்று கேட்டால், இல்லை. இரண்டு இடத்தில் தாளம் தப்பியது. சல்லியன் பாட்டை மறந்து முழித்தபோது கூட்டத்திலிருந்து நாலு பெண்கள் அடி எடுத்துக் கொடுத்தார்கள்! ஆறு மாதமாக மண்டபத்தில் கேட்டுக் கேட்டு ஊருக்கே பாடம் ஆகியிருந்தது.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. இதை விட்டுவிட்டுப் பழைய காலம் பொற்காலம் என்று எழுதினால் அது பொய். பிறப்பைச் சொல்லி ஒருவனை இகழ்வது எவ்வளவு கொடுமை என்று அந்தத் தெரு விடிய விடிய அழுதது. காலனி ஜனங்கள் அதே கூத்தைப் புளிய மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். உட்காரப் பாய் கிடையாது. அவர்களிடம் தலைக்கட்டு வரியும் வாங்கவில்லை. வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டுமே. ஆற்று மணலில் குரல் பார்க்க அவர்கள் வீட்டுப் பையனை யாரும் கூப்பிடவும் இல்லை. பத்து வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து, அதே புளிய மரத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தபோது உறைத்தது.

அப்புறம் வந்த மாற்றங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். டெண்டுக் கொட்டகை ஏற்கெனவே இருந்தது, அது கூத்தை ஒன்றும் செய்யவில்லை. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தும் எங்கள் தெருவுக்குப் பெட்டி வரப் பல வருடம் ஆனது. எண்பதுகளில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, திருவிழா ராத்திரியில் மூன்று படம் போட ஆரம்பித்தார்கள். 1988 அக்டோபரில் மகாபாரதம் தொடராக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபமே காலி. இந்தி புரியாமலே பார்த்தோம், கதைதான் தெரியுமே! 2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்தது. யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பகல் முழுக்க மிதிகட்டையை மிதித்தவன் ராத்திரி சாய்ந்து உட்கார்ந்து ஏதாவது பார்க்க நினைப்பது நியாயம்தான். ஆனால் வாத்தியாரைக் கூப்பிடுவது மட்டும் நின்றது. ஜமா வந்தது, ஆடியது, பணம் வாங்கிக்கொண்டு போனது. நாம் பார்க்கிறவர்களாக மட்டும் ஆனோம். பார்க்கிறவன் எழுந்து போவது சுலபம். தம்பி சொன்ன நாலு நாய்க் கணக்கு அங்கே ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். எழுத்தறிவுக்காக ஊர் ஊராகக் கலைக்குழு போகும். தெருவில் ஒரு வட்டம், ஒரு பறை, இரண்டு பாட்டு, ஒரு சின்ன நாடகம். ஆசிரியர்களாகிய நாங்கள் நடித்தால் ஜனங்கள் மரியாதைக்குக் கைதட்டுவார்கள். அந்த ஊர்க் கூத்துக்காரர் ஒருவர் நடுவில் வந்து கட்டியக்காரன் மாதிரி நாலு வார்த்தை பேசினால் போதும், கூட்டம் எங்கள் கைக்குள் வந்துவிடும். பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்காததை அவர் வெற்றிலையை மென்றுகொண்டே செய்தார்.

அந்த தைரியத்தில்தான் 1994இல் நான் வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு விழாவில் கர்ண மோட்சம் போடலாம் என்றேன். அப்பாவின் நோட்டிலிருந்து நாற்பது நிமிடத்துக்கு வெட்டி எடுத்தேன். கர்ணனாக ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், காலனிப் பிள்ளை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுவான். ஆனால் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் தலைமை ஆசிரியர் அறைக்குக் கேட்கும். பொன்னுருவியாக ஒரு பெண் பிள்ளை, எங்கள் பக்கத்துத் தெரு.

மூன்றாம் நாள் இரண்டு பெரியவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். "வேற கதையே கெடைக்கலியா டீச்சரம்மா?" என்று கேட்டார்கள். கதை பிரச்சினை இல்லை, யாருக்கு யார் ஜோடி என்பதுதான் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலைமை ஆசிரியர் நாற்காலி போடச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார், நிதானமாக ஒன்று சொன்னார்: "பாரதத்துல கர்ணனுக்கும் இதேதானுங்க கஷ்டம்." அவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். தறியை நிறுத்தாமலே சொன்னாள்: "எம் பொண்ணு பாட்ட மறந்துடப் போறா, அத மட்டும் பாத்துக்கோங்க டீச்சர்."

அந்தப் பையன் இரண்டு மாதத்தில் நோட்டின் பதினோரு பக்கத்தை மனப்பாடம் செய்தான். முதலில் நான் வாசிக்க அவன் கேட்டான். பிறகு அவனே விரலை வைத்துப் பார்த்தான். சொல் முன்னாலேயே வாயில் இருந்ததால் எழுத்து பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது. முழு ஆண்டுத் தேர்வில் தமிழில் 52 மதிப்பெண். அதற்கு முன் அவன் இருபதைத் தாண்டியதில்லை. எத்தனையோ கற்பித்தல் முறைப் பயிற்சிக்குப் போயிருக்கிறேன், சோறும் பையும் கொடுத்தார்கள். இதைவிட வேகமான முறை எதையும் நான் பார்க்கவில்லை.

விழா அன்று அவன் அம்மா வாசல் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். கைப்பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தோம். வந்துபோன பெரியவர்களில் ஒருவர் இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார். எழுந்து போகவில்லை. முடிந்ததும் என்னிடம் "கொரலு நல்லா இருந்துது" என்றார். அவ்வளவுதான். அந்தக் கர்ணன் இப்போது பேருந்து ஓட்டுகிறான். இதைப் படிப்பான். பெயர் போடவேண்டாம் டீச்சர் என்று சொல்லியிருக்கிறான், போடவில்லை.

கூத்து என்றாலே அழிந்துபோன கலை என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் என்ன நடந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பெருங்கட்டூர் ராஜகோபால் பரம்பரைக் கூத்துக் கலைஞர். அவரும் மற்ற கலைஞர்களும் சேர்ந்து 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். அவர் மனைவி ஹன்னா டி ப்ரூயின், நெதர்லாந்துக்காரர், கூத்தையே ஆராய்ச்சி செய்தவர். 2002இல் புஞ்சை அரசன்தாங்கலில் குருகுலம் வைத்தார்கள். பிள்ளைகள் தங்கி, பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள், கட்டை அணிந்து ஆண் வேஷமும்! அதை நான் முதலில் பார்த்தபோது அரிக்கேன் விளக்கு பிடித்து நின்ற என் கை ஞாபகம் வந்தது. குருகுலம் 2020இல் மூடப்பட்டது. செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறைகளாக ஆடுகிறது. கூத்துப்பட்டறை ந. முத்துசாமியின் நடிகர்கள் அவரிடம் வந்து கற்றார்கள். ஆகவே கலைக்கு ஆள் இருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற நம் தெரு வேண்டியதில்லை. நம் தெருவுக்குத்தான் அவர்கள் வேண்டும்.

போன மாதம் வேல்ஸ் நாட்டில் ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருக்கும் மாணவி ஒருத்தி போனில் பேசினாள். அங்கே ஐஸ்டெத்வோட் என்று ஒரு விழா. பாட்டு, கவிதை, ஒப்பித்தல் எல்லாம் போட்டி. 1176இலேயே நடந்ததாகக் குறிப்பு இருக்கிறதாம். நாட்டளவில் பெரிதாக ஒன்று, ஊரளவில் சின்னதாகப் பல. நல்ல கவிஞருக்குப் பரிசு ஒரு நாற்காலி. அவள் ஊரில் பள்ளிப் பிள்ளை முதல் கசாப்புக் கடைக்காரர் வரை மேடை ஏறுகிறார்களாம். "சுமாராத்தான் டீச்சர் பாடறாங்க. ஆனா ஒருத்தரும் எழுந்து போகல. அடுத்தது அவங்க வீட்டுப் புள்ள இல்ல?" என்றாள்.

நம் அரசுப் பள்ளிகளிலும் 2022 முதல் கலைத் திருவிழா என்று போட்டிகள் நடக்கின்றன. நல்ல முயற்சி. கூத்து ஆடும் பிள்ளைகளையும் அங்கே பார்த்தேன். ஆனால் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நிறையப் பிள்ளைகள் கழிந்துபோகிறார்கள். தெருவில் கழிக்க முடியாது. பாடத் தெரியாதவனுக்குத் திரைத்துணி இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களால் விடியும்வரை உட்கார முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஜமாக்காரர்களே இப்போது பல ஊர்களில் நேரத்தைச் சுருக்கித்தான் ஆடுகிறார்கள். இன்னிசைக் குழுவும் வரட்டும், அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம், நானும் பி. சுசீலா பாட்டுக் கேட்க முன்வரிசைக்கு வருவேன். கூத்து ராத்திரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அன்று எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை நம் பிள்ளைகள் கர்ண மோட்சம் ஆடுவார்கள், பிறகு ஜமா தொடரும். ஜமாவில் மத்தளம் வாசிக்கும் ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்குக் கொடுக்க வேண்டியது நீங்கள் இன்னிசைக்கு ஒதுக்கியதில் கால்வாசிகூட இல்லை. சாப்பாடு முறை வைத்துத்தான். முதல் முறை என் வீடு.

பெண் பிள்ளைகளும் வரலாம். தெருவுக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வரலாம். இந்த இரண்டும் எனக்குப் பேரம் பேசக்கூடிய விஷயங்கள் இல்லை, திருவிழாக் குழுவிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் முகம் கொஞ்சம் மாறியது. பார்த்துக்கொள்வோம். இதுவரை பதினேழு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். குரல் பார்ப்பது ஞாயிறு சாயங்காலம். பாலாற்று மணலில் பார்க்க ஆசைதான். அந்த மணலை எங்கே தேடுவது? பள்ளி மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம். பயிற்சி செவ்வாய், வெள்ளி இரவு ஏழரை முதல் ஒன்பது வரை, கோயில் மண்டபத்தில்.

கடைசியாக ஒரு உதவி. அப்பாவின் காக்கி நோட்டில் பின்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. கர்ணனும் சல்லியனும் பேசும் இடத்தோடு நிற்கிறது. அதற்குமேல் என் ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், நடுவில் நாலைந்து தருக்கள் பிடிபடவில்லை. அந்தக் காலத்தில் வேஷம் கட்டியவர்கள் தங்கள் பாகத்தைத் தனித்தனியாக எழுதிவைத்திருந்தார்கள். உங்கள் தாத்தா பெட்டியிலோ பரணிலோ அப்படி ஒரு நோட்டு இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மை மங்கியிருந்தாலும் பரவாயில்லை, நான் படித்துக்கொள்வேன். பகல் வெளிச்சத்தில், உங்கள் கை நிழல் விழாமல் எடுக்கவும்.